அசலை மிஞ்சிய கவர் பாட்டு ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2024

ரீமிக்ஸ், கவர் (ஒருவர் பாடியதை இன்னொருவர் திரும்பப் பாடுவது), அன்ப்ளக்டு என்று இருபது வருஷமாகக் கேட்டாகிவிட்டது. எல்லாம் பழைய வீட்டுக்கு டிஸ்டம்பர் அடித்த மாதிரிதான் இருக்கிறது. அசலைவிட நன்றாக வந்த ஒரே ஒரு தமிழ்ப் பாட்டைச் சொல்ல முடியுமா? “அதுவும் நல்லாத்தான் இருக்கு” வகைப் பதில் வேண்டாம்.

3 ஜூன் 2024, இரவு 10.40

முடியும். ‘நியூ’ படத்தில் வரும் ‘தொட்டால் பூ மலரும்’.

அசல் 1964இல் வந்த ‘படகோட்டி’யில். வாலி எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடியது. நாற்பது வருஷம் கழித்து, 2004இல், ரஹ்மான் வாலியின் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். ஹரிஹரனும் ஹரிணியும் பாடுவது முழுக்க வேறு மெட்டு. நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். மெட்டைத் தொடமாட்டார்கள், அடியில் டிரம்ஸை மட்டும் சொருகிவிடுவார்கள். ரஹ்மானுக்குத்தான் கை நடுங்கவில்லை. அதனால் மிஞ்சியது என்கிறேன்.

பேச எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்பதற்கு முன்: 1988 முதல் 1999 வரை மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். திருநெல்வேலி, தென்காசி, கோவில்பட்டி பக்கம் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு எதையும் விட்டதில்லை. கவர் பாடியே சோறு தின்ற கூட்டம்.

3 ஜூன் 2024, இரவு 11.55

எழுதிவிட்டுப் போய் இரண்டையும் வரிசையாகக் கேட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். மிஞ்சவில்லை. மெட்டே வேறு என்றால் அதை கவர் என்று சொல்வதே சரியா? ஒரே துணியில் தைத்த இரண்டு சட்டை. எது உயர்த்தி என்று கேட்டால் யார் போட்டுக்கொள்கிறார் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

நாளை வேறு ஒன்று சொல்கிறேன்.

4 ஜூன் 2024

ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ரீமிக்ஸ் ஏன் பெரும்பாலும் விளங்குவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

2003இல் ‘குறும்பு’ படத்துக்காக யுவன் தன் அப்பாவின் ‘ஆசை நூறு வகை’யை எடுத்துப் போட்டார். 1983இல் ‘அடுத்த வாரிசு’வில் மலேசியா வாசுதேவன் பாடியது. அதற்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. 2007 தீபாவளிக்கு மட்டும் இரண்டு பழைய பாட்டு: ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ‘பொன்மகள் வந்தாள்’, ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’. ஒரு மாதம் கழித்து ‘பில்லா’ வந்தது. மூன்றின் அசலும் எம்.எஸ்.வி. போட்டது (1970, 1979, 1980). அவர் அன்றைக்கு இவற்றையெல்லாம் என்ன நினைத்தபடி கேட்டிருப்பாரோ.

‘பொன்மகள்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டி.எம்.எஸ். பாடும்போது, பணத்தைப் புதிதாகப் பார்த்தவன் போடும் ஆட்டம் அது. நம்ப முடியாத குதூகலம் குரலிலேயே இருக்கும். ரீமிக்ஸில் பாடுகிறவனிடம் பணம் ஏற்கெனவே இருக்கிறது, பழகியும் விட்டது. மெட்டு அதே, வரி அதே, ஆள் மாறிவிட்டான். பீட் எவ்வளவு ஏற்றினாலும் அந்த ஆள் திரும்பி வரமாட்டான்.

‘எங்கேயும் எப்போதும்’ பற்றி நான் நியாயமாகப் பேச முடியாது. ‘நினைத்தாலே இனிக்கும்’ சிங்கப்பூர் போகிற இசைக்குழுவின் கதை. எங்களில் யாரும் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை என்றாலும், அது எங்கள் படம் என்றே நினைப்பு. ராத்திரி ஒரு மணிக்குக் கச்சேரியை முடிக்கிற பாட்டு. நடுவில் ராப் வந்தபோது, நம் வீட்டு விசேஷத்தில் தெரியாத ஆள் மைக்கைப் பிடுங்கியது போல இருந்தது.

5 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: “மேடையில் பாடுவதெல்லாம் கணக்கில் வராது, அது நகல்.”

வராதா? அப்படியென்றால் எங்கள் குழுவில் பாடிய ஓர் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இப்போதும் இருக்கிறார். ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் பாடுவார். கொடைக்குப் பெண் பாடகியைக் கூட்டி வர முடியாத நாட்களில் டூயட் எல்லாம் அவர் ஒருவர்தான். பெண் வரி வந்தால் தோளில் கிடக்கும் துண்டை இழுத்து முந்தானை மாதிரி போட்டுக்கொள்வார். கூட்டம் சிரிக்கும், விசில் பறக்கும். மூன்றாவது வரிக்குள் சிரிப்பு நின்றுவிடும்.

அவருடைய பாட்டு ‘பூங்காற்று திரும்புமா’. ‘முதல் மரியாதை’, 1985. மலேசியா வாசுதேவனும் ஜானகியும் பாடியது. புலம்புகிற ஆளும் அவரே, தேற்றுகிற பெண்ணும் அவரே. யோசித்துப் பாருங்கள், அசலில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். இவர் பாடும்போது ஒரே மனுஷன் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். நெஞ்சைப் பிசையும். பல்லவியை முடிக்கும்போது ‘திரும்புமா’வுக்கு முன்னால் மூச்சு ஒன்று தடுக்கும், விக்கல் மாதிரி. அந்த இடத்துக்காகவே ஒன்ஸ் மோர் கேட்பார்கள்.

அதுவும் சுருதியில் அசலைவிட அரைக் கட்டை மேலே பாடுவார்.

நகலாம்!

7 ஜூன் 2024

மேலே எழுதியதிலிருந்து கேசட் ஞாபகம் வந்துவிட்டது.

1986, நான் ஒன்பதாவது. பேருந்து நிலையத்துக் கடையில் ‘சூப்பர் ஹிட்ஸ்’ என்று ஒரு கேசட். அட்டையில் சிவாஜி, ராதா, இன்னும் நாலைந்து முகம். கம்பெனி கேசட்டைவிடப் பாதி விலை. வீட்டுக்கு வந்து போட்டால் நன்றாகத்தான் பாடியது. ஒரு வருஷம் தேயத் தேயக் கேட்டேன். அட்டையின் உள் மடிப்பில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘இவை மூலப் பாடகர்கள் பாடியவை அல்ல’ என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் இது ஊருக்கு ஊர் நடந்த வியாபாரம். வடக்கே டி-சீரிஸ் வளர்ந்ததில்கூட, பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாடவைத்து மலிவாக விற்றதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கம் பெயர் தெரியாத கம்பெனிகள், பெயர் தெரியாத பாடகர்கள். ஒருத்தர் பகலில் ஜவுளிக் கடையில் பில் போட்டிருப்பார், ராத்திரி ஸ்டூடியோவில் மலேசியா வாசுதேவன்.

அந்த கேசட்டின் முதல் பாட்டு ‘பூங்காற்று திரும்புமா’. பின்னணியில் புல்லாங்குழலுக்குப் பதில் குட்டி கேசியோ, பீப்பி மாதிரி. பாடியவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

7 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஒரு நாள் டீக்கடையில் அதே பாட்டு ஓடியது. குரல் வேறு. நான் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, யாரோ டூப்ளிகேட் கேசட்டை உங்க தலையில கட்டிட்டாங்க” என்றேன். அவர் அட்டையை எடுத்துக் காட்டினார். பாடியவர்கள்: மலேசியா வாசுதேவன், எஸ். ஜானகி. டீ ஆறிப்போனது.

11 ஜூன் 2024

இது அதன் தொடர்ச்சிதான்.

ரயில்வே வேலை கிடைத்து நாக்பூர் போனேன். கூட வேலை பார்த்த ஒருவர் கிட்டார் வாசிப்பார். ஒரு நாள் நான் ‘இளைய நிலா’ முணுமுணுத்ததும், “ஓ, எங்கள் ‘நீலே நீலே அம்பர் பர்’ பாட்டைத் தமிழில் சுட்டுவிட்டார்களா?” என்றார். ரத்தம் தலைக்கு ஏறியது. ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982. கிஷோர் குமார் பாடிய ‘கலாகார்’ 1983. சுட்டது யார் என்று காட்ட, ஊரிலிருந்து ரெக்கார்டு அட்டையை நகலெடுத்து வரவழைத்தேன். அதற்கு ஒன்றரை மாதம் ஆனது.

பார்த்தார். “சரி, உங்கள் பாட்டுதான் முதல்” என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் கிட்டாரை எடுத்து கிஷோர் மாதிரியே பாடினார். அவர் காதில் எஸ்.பி.பி. கவர் பாடியவர், அவ்வளவுதான். டீக்கடையில் நான் செய்ததைத்தான் அவரும் செய்கிறார் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

இரண்டையும் பற்றி என் கருத்து: கிஷோர் குரலில் ஒரு கனம் இருக்கிறது, சோகம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எஸ்.பி.பி. அதை மறைத்துவைத்துப் பாடுகிறார். பாட்டு முழுக்க நிலா, மேகம் என்றுதான் போகும். அவனுக்கு உள்ளே என்ன என்று காட்டிக்கொள்ளவே மாட்டான். எனக்கு எஸ்.பி.பி.தான். நாக்பூர்க்காரரிடம் கேட்காதீர்கள்.

12 ஜூன் 2024

மறுபடி கேள்வி: யார் வேண்டுமானாலும் யார் பாட்டை வேண்டுமானாலும் பாடி விற்கலாமா?

இன்றைய சட்டத்தில் கவருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 31சி. 2012 திருத்தத்தில் சேர்த்தது. பாட்டு முதலில் பதிவான வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். அசல் பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு ஜனங்களைக் குழப்பக் கூடாது. இது 1986இலேயே இருந்து, யாராவது மதித்தும் இருந்தால், எனக்கு அந்த டீக்கடை அவமானம் நேர்ந்திருக்காது.

அதில் வேடிக்கையான விதி ஒன்று உண்டு. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டில் எதையும் மாற்றக் கூடாது. அதாவது நாம் இங்கே பத்து நாளாகப் பாராட்டிக்கொண்டிருப்பதைத்தான் செய்யாதே என்கிறது. மாற்ற வேண்டுமானால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

16 ஜூன் 2024

அக்கா மகன் ஒரு ஆங்கிலப் பாட்டை அனுப்பினான். ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’. “மாமா, அசலை மிஞ்சின கவருக்கு உலகமே சொல்ற உதாரணம் இதுதான்” என்று குறிப்பு வேறு.

அசல் 1994இல் ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’ குழுவுக்காக டிரென்ட் ரெஸ்னர் எழுதியது. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதில் இரைச்சல், கிசுகிசுப்பு, கடைசியில் காது கிழிகிற ஒரு சத்தம். கேஷ் 2002இல் பாடுகிறார், எழுபது வயது. கிட்டார், பியானோ, தளர்ந்த குரல். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இளைஞன் பாடும்போது ‘நான் என்ன ஆகிவிட்டேன்’ என்பது மிரட்டல் மாதிரி இருக்கிறது. கிழவர் கேட்கும்போது உண்மையான கேள்வி, பதிலும் அவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறார். அசலில் தலையில் இருப்பது அசிங்கத்தால் ஆன கிரீடம். பக்திமானான கேஷ் அதை முள் கிரீடம் ஆக்கிவிட்டார். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு உடனே புரியும். 31சி-யின்படி பார்த்தால் அந்த ஒரு சொல்லே இடிக்கும்!

நான்கு தடவை கேட்டேன். அக்கா மகன் சொன்னது சரி. தமிழில் இது மாதிரி ஒன்று என் கைவசம் இல்லை என்பது உறுத்துகிறது.

17 ஜூன் 2024

திருத்தம். 5ஆம் தேதி, அண்ணன் அசலைவிட அரைக் கட்டை மேலே பாடினார் என்று பெருமையடித்திருந்தேன். ராத்திரி படுக்கும்போது தோன்றியது: நாங்கள் ஒத்திகைக்கு வைத்திருந்த டேப் ரெக்கார்டரின் மோட்டார் வேகமாக ஓடும். அதில் கேட்டுத்தான் நோட்ஸ் எடுப்போம். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் போதும், சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பாவம், அவர் பதினோரு வருஷம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடியது கலைக்காக அல்ல, வேகம் கூடிய மோட்டாருக்காக.

மற்றக் குழுக்காரர்கள் எங்களைப் பார்த்து, “ஏன்டா எல்லாப் பாட்டையும் ஏத்தி வாசிக்கிறீங்க” என்று கேட்பார்கள். நாங்கள் மர்மமாகச் சிரிப்போம்.

23 ஜூன் 2024

கிடைத்துவிட்டது. ‘96’ படத்தில் வரும் ‘யமுனை ஆற்றிலே’.

அசல் ‘தளபதி’, 1991. மிதாலி பானர்ஜி பௌமிக் பாடியது. ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மேடையில் வாசிக்கவே முடியாத பாட்டு. சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். “யமுனை ஆற்றிலே போடுங்க” என்று சீட்டு வந்தால், எங்கள் ஆள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

2018இல் ‘96’ வருகிறது. ஜானுவைப் பார்க்கும்போதெல்லாம் ராம் இந்தப் பாட்டைக் கேட்பான். அவள் மற்ற எல்லாவற்றையும் பாடுவாள், இதை மட்டும் பாடமாட்டாள். அத்தனை வருஷம் கழித்து அவன் வீட்டில் கரண்ட் போன இருட்டில் பாட ஆரம்பிக்கிறாள். குரல் சின்மயியுடையது. தபலா இல்லை, ஒன்றும் இல்லை. அவன் விளக்கைத் தேடி முட்டி மோதுகிறான். நாம் பார்ப்பது அவன் தடுமாற்றத்தை, கேட்பது அவளை.

இதில் எதையும் கூட்டவில்லை, எடுத்துவிட்டார்கள். அசலில் அது கோபியர் பாட்டு, அழகான பாட்டு. இங்கே 22 வருஷத்துக் கடன் தீர்கிறது. கேள்வி கேட்டவரே, ‘மிஞ்சியது’ என்ற உங்கள் சொல்லை இதற்குத் தருகிறேன்.

24 ஜூன் 2024

“அது காட்சியின் பலம், பாட்டின் பலம் இல்லை” என்று பதில் வந்திருக்கிறது. இதை எதிர்பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

24 ஜூன் 2024, இரவு

நானே கண்ணை மூடிக் கேட்டேன். கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. போகட்டும்.

2 ஜூலை 2024

ஒருவர் ‘சீனி கம்’ படத்தை ஞாபகப்படுத்தினார். 2007. இளையராஜா தன் பழைய மெட்டுகளையே இந்திக்குத் திருப்பிப் போட்ட படம். ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ அங்கே தலைப்புப் பாட்டு, ஷ்ரேயா கோஷல் குரலில். ‘மௌன ராகம்’ படத்தில் அது கட்டிய மனைவியிடமே கதவு சாத்தப்பட்டவன் பாடுவது. இந்தியில் அறுபது தாண்டிய சமையல்காரருக்கும் பாதி வயதுப் பெண்ணுக்கும் நடுவில் ஓடும் குறும்பு. தன் பாட்டைத் தானே வேறு மாதிரி போட்டால் கவரா? வீட்டுக்காரரே மேஜையை நகர்த்திப் போட்டதற்கு நாம் என்ன பெயர் வைப்பது. கேட்க இதமாக இருக்கிறது. வலி இல்லை.

அதேபோல ‘நாயகன்’ படத்துத் ‘தென்பாண்டிச் சீமையிலே’யை ராஜாவும் பாடியிருக்கிறார், கமலும் பாடியிருக்கிறார். மேடைக்கு வரும் சீட்டில் ‘ராஜா பாடினது’, ‘கமல் பாடினது’ என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் எங்களிடம் இருந்தது ஒரே வெர்ஷன்தான்.

19 ஆகஸ்ட் 2024

ஊருக்குப் போயிருந்தேன். இரட்டைக் குரல் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது, மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். இங்கே அவரைப் பற்றி எழுதியதைச் சொன்னேன். மோட்டார் விஷயத்தையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார், இருமல் வந்துவிட்டது.

அப்புறம் அந்த விக்கலைப் பற்றிக் கேட்டேன். “‘திரும்புமா’வுக்கு முன்னால மூச்சு தடுக்குமே, அந்த இடத்தை எப்படிண்ணே பிடிச்சீங்க?”

“பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு. கேசட்ல அப்படித்தானப்பா இருந்துச்சு.”

“எந்த கேசட்?”

அட்டையில் சிவாஜி, ராதா, இன்னும் நாலைந்து முகம். பேருந்து நிலையத்துக் கடை, பாதி விலை.

நான் ஒரு வருஷம் கேட்டுத் தேய்த்த அதே கேசட்டில், அதே இடத்தில், அந்த மூச்சு இருந்தது. எப்படி மறந்தேன்! ஜவுளிக் கடைக்காரரோ யாரோ, அவருக்கு அன்றைக்குச் சளி பிடித்திருந்ததோ என்னவோ. அதைத்தான் பதினோரு வருஷம் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அந்த கேசட்தான் ஓடியிருக்கும்.

“அசல்ல அது கிடையாதுண்ணே” என்றேன். நம்பவில்லை. மலேசியா வாசுதேவன் பாடியதை அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.

21 ஆகஸ்ட் 2024

அண்ணனிடமிருந்து நாற்பது விநாடிக் குரல் பதிவு வந்திருக்கிறது. பல்லவி மட்டும். ஒன்றரைக் கட்டை இறங்கிவிட்டார், பின்னால் மிக்ஸி ஓடுகிறது. ‘திரும்புமா’வுக்கு முன்னால் மூச்சு தடுக்கிறது.

கீழே ஒரு வரி: “நீ அனுப்புனதுல அந்த எடத்தை விட்டுட்டாங்கப்பா.”